தாய்க்கு விருந்து, குஞ்சுக்குப் பட்டினி

அமெரிக்க வயல்களில் கொழுத்துப் பெருகிய பனி வாத்துகள், வடகோடியில் தங்கள் குஞ்சுகளின் மேய்ச்சல் நிலத்தையே அழித்துவிட்டன

கனடாவின் ஹட்சன் வளைகுடாக் கரையில் ஜூன் மாதக் கடைசி. முட்டையிலிருந்து வெளிவந்த பனி வாத்துக் குஞ்சின் எடை 100 கிராம்கூட இல்லை. ஒரு நாளுக்குள் அது கூட்டை விட்டு இறங்கி நடக்கத் தொடங்குகிறது. தாயும் தந்தையும் காவல் நிற்குமே தவிர, ஊட்டிவிடாது. புல்லைத் தானேதான் கொத்தித் தின்ன வேண்டும். ஆறேழு வாரங்களில் எடை சுமார் 15 மடங்கு கூடி, இறகு முளைத்து, பறந்தாக வேண்டும். தாமதித்தால் குளிர் முந்திக்கொள்ளும்.

இந்த அவசரத்துக்கு ஏதோ ஒரு புல் போதாது. இளம் தளிரில்தான் புரதம் அதிகம். முற்றிய புல்லில் நார்தான் மிச்சம். குஞ்சின் வயிறு நிறையும், உடம்பு வளராது.

இந்தியாவுக்குக் குளிர்காலத்தில் வரும் பட்டைத்தலை வாத்தின் உறவுக்காரப் பறவைதான் பனி வாத்து. மனிடோபா மாநிலத்தில் சர்ச்சில் ஊருக்கு அருகே லா பெரூஸ் விரிகுடாவில் கூடு கட்டும் பனி வாத்துகளை, க்வீன்ஸ் பல்கலைக்கழகத்தின் ஃப்ரெட் குக் 1968ல் ஆராயத் தொடங்கினார். அப்போது அங்கே இருந்தவை சில ஆயிரம் ஜோடிகள். மேய்ச்சலும் செழிப்பாகவே இருந்தது. வாத்துகள் மேய மேய, அவற்றின் எச்சமே உரமாகிப் புல் மறுபடி தளிர்த்தது.

கணக்கு மாறியது வேறொரு இடத்தில். ஒரு காலத்தில் இந்த வாத்துகள் டெக்சாஸ், லூசியானா கடலோரச் சதுப்புகளில் கிழங்கும் வேரும் தோண்டித் தின்று குளிர்காலத்தை ஓட்டின. பசியில் பல செத்தன. பின்னர் சதுப்பை ஒட்டி நெல் வயல்கள் வந்தன. வடக்கே சோளமும் கோதுமையும் பரவின. ரசாயன உரம் விளைச்சலைக் கூட்டியது. அறுவடையில் சிந்திய தானியம் வாத்துக்கு விருந்தானது. சரணாலயங்கள் பெருகின, வேட்டையாடுபவர்கள் குறைந்தனர். வாத்துகளின் எண்ணிக்கை ஆண்டுக்குச் சுமார் 5 சதவிகிதம் ஏறியது.

கொழுத்த தாய்கள் 3,000 கி.மீ.க்கு மேல் பறந்து கூடு கட்டும் இடத்துக்குத் திரும்பின. வசந்தத்தில் புல் முளைக்கும் முன்பே வந்து இறங்கிய அவை, பசிக்குப் பூமியைக் கிளறி வேர்த்தண்டுகளைப் பிடுங்கித் தின்றன. போர்வை இழந்த மண் வெயிலில் காய்ந்தது. ஒரு காலத்தில் கடலடியில் இருந்த நிலம் அது. அடியில் புதைந்திருந்த உப்பு மேலே ஏறியது. சில இடங்களில் கடல்நீரை மிஞ்சும் உப்பு. அதில் புல் எப்படி முளைக்கும்? ஹட்சன், ஜேம்ஸ் விரிகுடாக்களின் கரையோர உப்புச் சதுப்பில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அழிந்தேவிட்டது என்று 1997ல் வெளியான ஆய்வறிக்கை எச்சரித்தது. மீதியும் சீரழிந்து கொண்டிருந்தது.

பழியைச் சுமந்தவை குஞ்சுகள். எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து எண்பதுகளின் இறுதி வரை எடுத்த அளவுகளில், குஞ்சுகளின் எடையும் கால் எலும்பும் அலகும் சிறுத்துக்கொண்டே வந்தன. முதல் கோடையில் வளராத எலும்பு பிறகு வளர்வதில்லை. அதனால் பெரிய வாத்துகளும் சிறுத்தன. முதல் ஆண்டைத் தாண்டிய குஞ்சுகளும் குறைந்தன. பரம்பரைக் கோளாறு அல்ல இது. பழைய மேய்ச்சலை விட்டுக் குஞ்சுகளைப் பல கி.மீ. நடத்திச் சென்ற குடும்பங்களில் குஞ்சுகள் பெரிதாகவே வளர்ந்தன.

1999ல் அமெரிக்காவும் கனடாவும் வசந்த காலத்திலும் வாத்து வேட்டைக்கு அனுமதி கொடுத்தன. எதிர்ப்பு கிளம்பியது, வழக்கும் நடந்தது. துப்பாக்கிகளால் பெருக்கத்தை எளிதில் அடக்க முடியவில்லை.

இப்போது வானிலையும் சேர்ந்துகொண்டிருக்கிறது. வடதுருவப் பகுதியில் பனி முன்கூட்டியே உருகுவதால் புல்லும் முன்னதாக முற்றுகிறது. ரஷ்ய ஆர்க்டிக்கில் கூடு கட்டும் பார்னக்கிள் வாத்துகளைப் பற்றி 2018ல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. வசந்தம் முந்தும் ஆண்டுகளில் தாய்கள் வழியில் தங்காமல் விரைகின்றன. ஆனால் வந்து சேர்ந்த பிறகு முட்டையிடத் தெம்பு சேர்க்க வேண்டியிருக்கிறது. குஞ்சு பொரிவதற்குள் தளிரின் காலம் கடந்துவிடுகிறது; பிழைக்கும் குஞ்சுகள் குறைகின்றன.

லா பெரூஸில் வேலி அடைத்து வாத்துகளைத் தடுத்துப் பார்த்தார்கள். உப்பேறிய மண்ணில் பத்தாண்டுகள் கடந்தும் பழைய புல் திரும்பவில்லை. பெண் வாத்தோ, வளர்ந்ததும் தான் பிறந்த இடத்தையே தேடி வந்து முட்டையிடும் பழக்கமுடையது. அங்கே அதன் குஞ்சுக்கு என்ன மிச்சம் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.