கேமில் வருவதெல்லாம் வரலாறா?

'தி எல்டர் ஸ்க்ரோல்ஸ்' வரிசை வீடியோ கேம்களுக்கென்று ரசிகர்கள் 1995-ல் தொடங்கிய தளம் ஒன்று இருக்கிறது. சுருக்கமாக யுஇஎஸ்பி. பின்னாளில் விக்கியாக மாறிய அதில், எந்தக் குகையில் என்ன கிடைக்கும் என்று சொல்லும் பக்கங்கள் தனி. டாம்ரியல் என்ற அந்தக் கற்பனைக் கண்டத்தின் அரசர்கள், போர்கள், தெய்வங்களைப் பற்றிய 'லோர்' பக்கங்கள் தனி. ஒரு தகவல் லோர் பக்கத்தில் ஏறலாமா கூடாதா என்பதை எப்படி முடிவு செய்வது?

சில சங்கதிகளைத் தயங்காமல் கழித்துவிடலாம். 'ஸ்கைரிம்' கேமில் சண்டைக்கு நடுவே நேரத்தை நிறுத்திவைத்து, பை நிறைய இருக்கும் சீஸை ஒரே மூச்சில் தின்று உயிரைத் தேற்றிக்கொள்ளலாம். வைட்ரன் பெருநகரம் என்பார்கள். வீடுகளை எண்ணினால் நம்மூர்த் தெரு ஒன்றுக்குக் காணாது. இவை ஆட்டத்தின் வசதிக்காக வைத்தவை. கேமை மாற்றி ரசிகர்கள் உருவாக்கும் 'மாட்'களுக்கும் லோரில் இடமில்லை.

சிக்கல், கேமுக்குள் கிடைக்கும் புத்தகங்களில்தான். கேமில் அச்சாகியிருக்கிறதே, அப்புறம் என்ன சந்தேகம் என்று தோன்றும். ஆனால் அவற்றை எழுதியவர்களும் கதாபாத்திரங்கள். அவர்களுக்கும் கட்சி உண்டு, பொய்யும் வரும். 2002-ல் வந்த 'மோரோவிண்ட்' கேமில் நெரெவார் என்ற மாவீரன் எப்படிச் செத்தான் என்று பாருங்கள். போரில் பட்ட காயத்தால் இறந்தான் என்கிறது கோயில் தரப்பு. ஆஷ்லாண்டர் நாடோடிகளிடம் வழங்கும் கதையோ, கூட இருந்த மூவரே கொன்றார்கள் என்கிறது: அல்மலெக்ஸியா விஷ மெழுகுவர்த்தி ஏற்றினாள், சோத்தா சில் விஷ அங்கி கொடுத்தான், விவெக் விஷ மந்திரம் ஓதினான். எது உண்மை என்று கேம் கடைசிவரை தீர்ப்புச் சொல்வதில்லை. ஆகவே "நெரெவாரை நண்பர்கள் கொன்றார்கள்" என்று எழுதினால் தவறு. "கொன்றார்கள் என்று ஆஷ்லாண்டர்கள் சொல்கிறார்கள்" என்று எழுதினால் அது லோர். சம்பவம் நடந்ததோ இல்லையோ, அப்படி ஒரு பேச்சு அந்த உலகத்தில் இருக்கிறது.

கேமுக்கு வெளியே எழுதப்பட்டவை இன்னொரு தலைவலி. 1998-ல் 'ரெட்கார்ட்' கேமுடன் வந்த கையேடு, சிரோடில் மாகாணத்தை அடர்ந்த மழைக்காடு என்றது. 2006-ல் வந்த 'ஆப்லிவியன்' காட்டியதோ குளிர்ச்சியான புல்வெளியும் ஓக் மரங்களும். முன்பு இந்தக் கேம்களைத் தயாரிக்கும் நிறுவனத்தில் எழுத்தாளராக இருந்த மைக்கேல் கிர்க்பிரைட், டாலோஸ் என்ற தெய்வம் தன் சக்தியால் காட்டையே மாற்றிவிட்டது என்று தன் போக்கில் எழுதிய ஒரு துண்டு ரசிகர்களிடையே உலவிவந்தது. கறாரான ஆட்கள் அதை ஏற்கவில்லை. 2011-ல் 'ஸ்கைரிம்' வந்தபோது, வைட்ரன் நடுவில் நின்று ஓயாமல் கத்தும் ஹைம்ஸ்கர் என்ற போதகனின் வாயில் அதே பேச்சு வந்துவிட்டது! இதற்காகக் கிர்க்பிரைட் எழுதிய அத்தனையையும் உள்ளே விட வேண்டியதில்லை. 'கேமுக்கு வெளியே வந்தது' என்று அடையாளமிட்டுத் தனியே வைத்தால் போதும்.

ஆட்டக்காரர் கையில் விடப்பட்ட முடிவுகளை என்ன செய்வது? 1996-ல் வந்த 'டாக்கர்ஃபால்' கேமுக்குப் பல முடிவுகள். பின்னால் வந்த கேம்கள், அத்தனையும் ஒரே சமயத்தில் நடந்தன, காலமே முறிந்துபோனது என்று சாமர்த்தியமாகத் தப்பித்துக்கொண்டன. 'ஸ்கைரிம்' உள்நாட்டுப் போருக்கு அப்படி ஒரு விடை இன்னும் வரவில்லை. நீங்கள் ஆடியபோது கிளர்ச்சிக்காரர்களான ஸ்டார்ம்கிளோக் படை வென்றிருக்கலாம். அது உங்கள் ஆட்டம். கதாநாயகன் ஆணா பெண்ணா, எந்த இனம் என்பதும் அப்படியே. 2018-ல் அறிவிக்கப்பட்ட ஆறாவது கேம் வந்து யார் ஜெயித்தது என்று சொல்லட்டும். அதுவரை லோர் பக்கத்தில் அந்த வரியை எழுதாதீர்கள்.