‘சேதுபதி’ என்னும் பட்டப்பெயர்: பொருளும் வழக்கும்

முன்னுரை

அரச மரபுகளைக் குறிக்கும் பெயர்கள் ஒரே வகையில் தோன்றுவன அல்ல. சில முன்னோன் ஒருவன் பெயரால் அமைகின்றன; சில ஆண்ட நிலத்தால் அமைகின்றன; வேறு சில மேற்கொண்ட கடமையால் அமைகின்றன. ஐரோப்பாவில் பிராங்கு இனத்தாரை முதலில் ஆண்ட மெரோவிங்கியர் மெரோவெக் என்னும் முன்னோன் பெயரால் அழைக்கப்பெற்றனர். வெட்டப்படாத நீண்ட தலைமயிரே அவர்தம் அரசுரிமையின் அடையாளமாகக் கருதப்பட்டது. கி.பி. 751இல் அம்மரபின் இறுதி மன்னரான மூன்றாம் சில்டெரிக் பதவியிழந்தபோது அவர் முடி மழிக்கப்பெற்றுத் துறவிமடத்திற்கு அனுப்பப்பட்டார். இவ்வாறு குருதியுறவையும் உடல் அடையாளத்தையும் சார்ந்து நின்ற பெயர்மரபிலிருந்து வேறுபட்டது, இராமநாதபுரம் கடற்கரையை ஆண்டோர் தாங்கிய ‘சேதுபதி’ என்னும் பெயர். அதன் பொருளையும் வழக்கையும் வரையறுப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லமைப்பு

‘சேது’, ‘பதி’ ஆகிய இரண்டும் வடசொற்கள். சேது என்பது அணை, கரை, பாலம் எனப் பொருள்படும். இராமாயண மரபின்வழி அது இராமேசுவரத்தையும் இலங்கையையும் இணைத்த அணைக்குச் சிறப்புப் பெயராயிற்று. ‘பதி’ என்பதற்குத் தமிழில் ஊர், உறைவிடம் என்னும் பொருள்கள் உண்டெனினும், இத்தொடரில் அது தலைவன் என்னும் பொருளிலேயே நிற்கிறது. நரபதி, கசபதி முதலிய பட்டங்களை இதனோடு ஒப்பிடலாம். எனவே ‘சேதுவிற்குத் தலைவன்’ என்பதே சொற்பொருள்.

சேது என்னும் சொல் இக்கடற்கரைக்குத் தொடக்கம் முதலே உரியதன்று. இராமனைக் குறிப்பிடும் அகநானூற்று 70ஆம் பாடல் இவ்விடத்தைப் பாண்டியர்க்குரிய ‘கோடி’ என்றே சுட்டுகிறது. அங்குச் சேது என்னும் சொல் இல்லை. தலயாத்திரை மரபு வளர்ந்த பின்னரே தனுக்கோடியும் திருப்புல்லாணியை அடுத்த சேதுக்கரையும் சேதுத் தலங்களாகப் பெருவழக்குப் பெற்றன. நிரம்பவழகிய தேசிகரின் சேதுபுராணம் அம்மரபைத் தமிழில் நிலைநிறுத்தியது. நாளடைவில் தேவிபட்டினம், கீழக்கரை, வாலிநோக்கம் முதலிய கடற்கரை ஊர்களை உள்ளடக்கிய நிலப்பரப்பு முழுவதும் ‘சேதுநாடு’ எனப்பட்டது. அணையைக் குறித்த சொல் நாட்டைக் குறிக்கும் அளவிற்குப் பொருள் விரிந்தது.

‘சேது’வும் ‘சேதுபதி’யும்

இங்கு ஒரு வேறுபாட்டைக் கருதுதல் வேண்டும். சேது என்னும் சொல் காணப்படும் இடமெல்லாம் சேதுபதியரைக் குறிப்பதாகக் கொள்ளுதல் பொருந்தாது. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் ‘சேதுகாவலன்’ எனச் சிறப்பிக்கப்பெற்றனர். அவர்தம் காசுகளில் நந்தியின் உருவத்துடன் ‘சேது’ என்னும் எழுத்துப்பொறிப்பு உண்டு. இலங்கையின் கோட்டகமக் கல்வெட்டும் அச்சொல்லையே மங்கலச்சொல்லாக முதற்கண் கொண்டுள்ளது. இக்காசுகளை முற்கால ஆய்வாளர் சிலர் இராமநாதபுரத்தார்க்கு உரியனவாகக் கருதினர். சுவாமி ஞானப்பிரகாசர் முதலியோர் ஆய்வுகளால் அவை யாழ்ப்பாண அரசுக்குரியவை என்பது தெளிவாயிற்று. அப்பொறிப்பில் ‘பதி’ என்னும் சொல் இல்லை என்பதும் நோக்கத்தக்கது.

பட்டத்தின் வழக்கு

மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பர் காலத்தில், ஏறத்தாழ 1605இல், சடைக்கன் என்பவர் சேதுபதியாக அங்கீகரிக்கப்பெற்றார். இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்க்குப் பாதுகாப்பளித்தல் அவரது கடமைகளுள் தலையாயதாக மரபு கூறுகிறது. செப்பேடுகளில் ‘சேதுபதி’ தனித்து வருவதில்லை. ‘தேவை நகராதிபன்’, ‘சேதுமூல ரட்சாதுரந்தரன்’, ‘இராமநாதசுவாமி காரியதுரந்தரன்’ முதலிய விருதுகள் அதனைச் சூழ்ந்து வருகின்றன. தேவை என்பது இராமேசுவரத்தின் பெயர். துரந்தரன் என்பது பொறுப்பைத் தாங்குபவன் எனப் பொருள்படும். இவ்விருதுகள் தலைமை, காவல், கோயிற்பணி ஆகிய மூன்றையும் ஒருங்கே சுட்டுகின்றன. ஆகவே ‘பதி’ என்பது ஆளும் உரிமையை மட்டுமன்றிக் காக்கும் பொறுப்பையும் உணர்த்திற்று எனலாம்.

இப்பட்டம் உறவால் பரவவில்லை என்பதற்கு அண்டை அரசுகள் சான்றாகின்றன. 1710இல் மறைந்த கிழவன் சேதுபதியின் மைத்துனரான இரகுநாதராயர் புதுக்கோட்டையில் ‘தொண்டைமான்’ என்றே விளங்கினார். இராமநாதபுரத்திலிருந்து சிவகங்கைச் சீமையைப் பிரித்துப் பெற்ற சசிவர்ணர், விசயரகுநாத சேதுபதியின் மருமகனாக இருந்தும் அப்பட்டத்தைத் தாங்கவில்லை. நாடு பிரிந்தபோதும், சேதுத்தலம் எவர் ஆட்சியில் இருந்ததோ அவரிடமே பட்டம் தங்கியது.

பிறமொழியார் இச்சொல்லை எப்போதும் ஆளவில்லை. டச்சுக்காரர் தம் ஆவணங்களில் இம்மன்னரைத் ‘தேவர்’ என்னும் சொல்லின் திரிபாலேயே குறித்தனர். ஏசுசபையார் ‘மறவர் நாட்டு அரசர்’ என்னும் பொருளில் எழுதினர். இவை குலத்தையும் மக்களையும் முன்னிறுத்தும் பெயர்கள்; மன்னர் தாம் விரும்பிய பெயரோ தலத்தை முன்னிறுத்தியது.

பட்டம் குடும்பப்பெயராதல்

1795இல் முத்துராமலிங்க சேதுபதியை ஆங்கிலேயர் பதவி நீக்கினர். 1803இல் சீமை நிலையான சமீனாக மாற்றப்பெற்று, அவர் தமக்கையார் மங்களேசுவரி நாச்சியாரிடம் அளிக்கப்பட்டது. அவர் சமீனுக்குரியவராக இருந்தும் ‘நாச்சியார்’ என்றே பெரிதும் அறியப்பட்டார். இப்பட்டம் ஆண்மக்களையே சார்ந்து வழங்கியமையை இது காட்டுகிறது. படையும் இறைமையும் நீங்கிய பின்னரும், 1901இல் மதுரைத் தமிழ்ச்சங்கம் உருவாகத் துணைநின்ற பாஸ்கர சேதுபதி போன்றோர் பெயர்களில் அது நீடித்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் சமீன்முறை ஒழிந்தபின் அது குடும்பப்பெயராக மட்டும் எஞ்சியது.

முடிவுரை

மெரோவிங்கியரின் அடையாளம் முடி மழிக்கப்பட்டதும் மறைந்தது. சேதுபதி என்னும் பெயரோ ஆட்சி நீங்கிய பின்னும் நின்றது. அது பணிப்பெயராகத் தோன்றி, அரசப் பட்டமாக உயர்ந்து, குடும்பப்பெயராக நிலைபெற்றது. எனவே செப்பேடு, காசு, இலக்கியம் ஆகியவற்றில் இப்பெயரைக் காணும் ஆய்வாளர், அது எந்நிலையைக் குறிக்கிறது என்பதைக் காலம் நோக்கித் தெளிதல் வேண்டும். ‘சேது’ என்னும் தனிச்சொல்லை மட்டும் கொண்டு ஒரு சான்றைச் சேதுபதியர்க்கு உரியதாக்குதல் கூடாது என்பதும் இதனால் பெறப்படும்.