வாத்தியார் குதிரை!

குதிரை வண்டி ஓட்டுவதில் அப்படி என்ன வித்தை இருக்கிறது? லகானை இழுத்தால் நிற்கும், தளர்த்தினால் ஓடும். அவ்வளவுதானே!

பிரிட்டனில் சாரட் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறவர்களில் பலர் இப்படித்தான் எண்ணிக்கொண்டு போகிறார்கள். முதல் பாடத்திலேயே அந்த எண்ணம் பறந்துவிடுகிறது. காரணம், பல இடங்களில் முதல் பாடத்தில் குதிரையே கிடையாது!

புதிய மாணவரை ஆசிரியர் ஒரு மரப் பலகைக்கு முன்னால் உட்கார வைக்கிறார். பலகையில் கப்பிகள் பொருத்தப்பட்டிருக்கும். அவற்றின் வழியாக இரண்டு லகான்கள் செல்லும். லகான்களின் மறுமுனையில் எடைகள் தொங்கும். லகானைப் பிடித்தால் குதிரையின் வாயைப் பிடித்தது போலவே கை கனக்கும். வெடுக்கென்று இழுத்தால் எடை குதிக்கும். கை தளர்ந்தால் எடை இறங்கிவிடும். எடை ஆடாமல் அசையாமல் நிற்கும் வரையில் பயிற்சி ஓயாது.

எதற்காக இந்தப் பாடு? குதிரையின் வாய் மிகவும் மென்மையானது. கற்றுக்கொள்பவர் செய்யும் ஒவ்வொரு தவறும் அந்த வாயில்தான் போய் விழும். மாணவரின் தவறுக்குக் குதிரை தண்டனை அனுபவிக்கலாமா? கூடாது. ஆகவே முதல் தவறுகளை எல்லாம் மரப்பலகை வாங்கிக்கொள்கிறது!

விரல்களின் வேலை

லகான் பிடிப்பதற்கு ஒரு சாஸ்திரமே இருக்கிறது. அதை ஒழுங்குபடுத்தியவர் பென்னோ வான் ஆக்கன்பாக் என்ற ஜெர்மானியர். பாரிஸ் நகரில் பெயர் பெற்று விளங்கிய எட்வின் ஹவ்லெட் என்ற ஆங்கிலேய வண்டியோட்டியிடம் பாடம் கேட்டவர் அவர்.

அவருடைய முறையில் இரண்டு லகான்களும் இடது கையில் இருக்க வேண்டும். இடது லகான் ஆள்காட்டி விரலுக்கு மேலே. வலது லகான் நடு விரலுக்குக் கீழே. வலது கையில் சாட்டை. லகானின் நீளத்தைக் கூட்டவும் குறைக்கவும் வலது கை உதவிக்கு வரும். வலப்புறம் திரும்ப வேண்டுமானால் வலது லகானைப் பிடித்து இழுக்கக் கூடாது. இடது லகானைச் சற்று விட்டுக்கொடுக்க வேண்டும். இழுத்துத் திருப்புவதல்ல, விட்டுக்கொடுத்துத் திருப்புவதுதான் இந்தக் கலையின் சூட்சுமம்.

சாட்டை கையில் இருப்பது அடிப்பதற்கு அல்ல. குதிரைச் சவாரி செய்பவர் கால்களால் குதிரைக்கு ஜாடை காட்டலாம். வண்டியில் இருப்பவருக்கு அது முடியாது. ஆகவே சாட்டை நுனியின் ஸ்பரிசம் காலுக்குப் பதிலாக வேலை செய்கிறது. அதற்கும் முன்னால் குரல் இருக்கிறது. முதலில் குதிரையின் பெயரைச் சொல்லி அழைத்து, பிறகு கட்டளையைச் சொல்ல வேண்டும்.

உயிர் காக்கும் விதிகள்

அடுத்தது சேணம் பூட்டும் பாடம். கழுத்து வளையத்தைத் தலைகீழாகப் பிடித்துத் தலை வழியாக நுழைத்து, அப்புறம் நேராகத் திருப்ப வேண்டும். வளையத்தின் அகன்ற பாகம் குதிரையின் அகன்ற நெற்றியைத் தாண்டுவதற்காக இந்த ஏற்பாடு.

குதிரையை வண்டிக்குள் பின்னோக்கித் தள்ளுவதில்லை. வண்டியைத்தான் குதிரையிடம் கொண்டு வருகிறார்கள். பூட்டும்போது ஒருவர் குதிரையின் முகத்தருகே நிற்க வேண்டும். ஓட்டுபவர் லகானைக் கையில் எடுத்துக்கொண்டு முதலில் ஏற வேண்டும். எல்லாரும் இறங்கிய பிறகு கடைசியில்தான் இறங்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய விதி ஒன்று உண்டு. வண்டியில் பூட்டியிருக்கும் வரையில் குதிரையின் தலைக் கடிவாளத்தைக் கழற்றவே கூடாது. குதிரைக்கு இரு பக்கமும் கண்; ஏறக்குறைய தன்னைச் சுற்றி எங்கும் பார்க்கும். பின்னால் சக்கரம் சுழல்வது தெரிந்து மிரளாமல் இருக்கத்தான் கண்மறைப்பு. கடிவாளத்தோடு கண்மறைப்பும் போய்விட்டால், ஏதோ ஒன்று தன்னைத் துரத்துகிறது என்று குதிரை நினைத்துவிடலாம். மிரண்டு ஓடும் குதிரையை நிறுத்தக் கையில் லகானும் இராது. பிறகு கேட்க வேண்டுமா?

யார் ஆசிரியர்?

இதனால்தான் அனுபவசாலிகள் ஒன்றை அடித்துச் சொல்கிறார்கள்: பழகாத கையில் பழகாத குதிரையைக் கொடுக்காதே!

வயதும் அனுபவமும் நிறைந்த பயிற்சிக் குதிரையை ஆங்கிலேயர் 'ஸ்கூல் மாஸ்டர்' என்றே அழைக்கிறார்கள். வாத்தியார் குதிரை! லாரி உறுமினாலும் அது துள்ளாது. மாணவர் தடுமாறினால் பொறுத்துக்கொண்டு நிற்கும்.

ஆனால் அதிலும் ஓர் ஆபத்து உண்டு. கெட்டிக்காரக் குதிரை மாணவரின் தவறை மறைத்துவிடும். எங்கே திரும்ப வேண்டும் என்பது அதற்கு மனப்பாடம். மாணவரோ தாமே ஓட்டுவதாக மகிழ்ந்து போவார்! பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியருக்குத்தான் உண்மை தெரியும். அவர் கோபிப்பதில்லை, லகானைப் பிடுங்கிக்கொள்வதும் இல்லை. குதிரை எதிர்பாராத இடத்தில் திரும்பச் சொல்வார். அப்போது விஷயம் வெளியாகிவிடும். கத்தினால் மாணவரின் கை நடுங்கும். கை நடுங்கினால் லகான் நடுங்கும். லகான் நடுங்கினால் குதிரை கலங்கும். ஆகவே பொறுமை இங்கே வெறும் குணமல்ல, பாதுகாப்புச் சாதனம்.

நடக்க முடியாதவரும் ஓட்டலாம்

மோட்டார் யுகத்தில் இந்தக் கலை அழிந்துபோகாமல் காக்க 1957-ம் ஆண்டில் 'பிரிட்டிஷ் டிரைவிங் சொசைட்டி' தோன்றியது. 1969-ம் ஆண்டில் உடல் ஊனமுற்றோருக்குக் குதிரைச் சவாரி கற்பிக்கும் சங்கம் அங்கே ஏற்பட்டது. சாரட் ஓட்டுவதையும் அச்சங்கம் கற்றுத் தருகிறது. சக்கர நாற்காலியோடு சாய்பலகை வழியாகவே வண்டியில் ஏறிக்கொள்ளலாம். வண்டியில் இரண்டு ஜோடி லகான்கள் இருக்கும். ஒன்று மாணவர் கையில். மற்றொன்று பக்கத்தில் இருக்கும் அனுபவசாலியின் கையில். ஆபத்து வந்தாலன்றி இரண்டாவது லகான் குறுக்கிடாது. வீதியைத் தாமாகக் கடக்க முடியாத ஒருவர், பெரிய குதிரை ஒன்றை இரண்டு விரல்களால் நடத்திச் செல்கிறார். அந்த ஆனந்தத்திற்கு விலை உண்டா?

ஐம்பதில் ஆரம்பம்

வயதும் இதற்குத் தடையல்ல. எலிசபெத் ராணியாரின் கணவர் எடின்பரோ கோமகன் பிலிப், 1971-ம் ஆண்டில் தமது ஐம்பதாவது வயதில் போலோ ஆட்டத்தை விட்டார். அதன் பிறகே சாரட் ஓட்டுவதில் இறங்கினார். 1980-ம் ஆண்டில் விண்ட்ஸரில் நடந்த உலகப் போட்டியில் வென்ற பிரிட்டிஷ் கோஷ்டியில் அவரும் ஒருவர்! பெரிய குதிரைகளைப் பின்னர் விட்டுவிட்டு, 'ஃபெல்' ரகத்து மட்டக் குதிரைகளைப் பூட்டித் தொண்ணூறு வயதைக் கடந்த பின்னும் ஓட்டினார்.

2021-ம் ஆண்டு ஏப்ரலில் அவருடைய இறுதிச் சடங்கு நடந்தபோது, அவர் ஓட்டிய சாரட் இரண்டு மட்டக் குதிரைகளுடன் விண்ட்ஸர் கோட்டை முற்றத்தில் நின்றது. ஆசனத்தில் அவருடைய தொப்பியும், கையுறையும், குதிரைகளுக்குக் கொடுக்கச் சர்க்கரைக் கட்டிகள் வைத்திருந்த சிறு டப்பாவும் இருந்தன.

அந்த டப்பாவில் ஒரு பாடம் இருக்கிறது. குதிரை பலத்திற்குப் பணிவதில்லை. மனிதன் எத்தனை இழுத்தாலும் அதன் பலத்திற்கு ஈடாக மாட்டான். அது நம்பிக்கைக்குத்தான் பணிகிறது. அந்த நம்பிக்கையைப் பெறக் கையை அடக்க வேண்டும். குரலை அடக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் அவசரத்தை அடக்க வேண்டும். வண்டியோட்டக் கற்பவர் முதலில் கடிவாளம் போடுவது குதிரைக்கு அல்ல, தமக்குத்தான்!