ஹாலுக்கு நடுவே ஒரு சுவர்! செங்கல் வேண்டாம் என்றார் மேஸ்திரி!

மேற்கு மாம்பலத்தில் இரண்டாவது மாடி வீடு. ஒரு ஹால், ஒரு படுக்கை அறை. வீட்டுக்காரர் குமாஸ்தா. மகள் பிளஸ்–2 படிக்கிறாள். ஹாலில் ஓயாத டி.வி. சத்தம்.

"படிக்க ஒரு ரூம் வேணும்ப்பா!" என்றாள் மகள்.

ஹாலைத் தடுத்து அறை ஆக்க அப்பா முடிவு செய்தார். செங்கலுக்குச் சொல்லப் போனவரை மேஸ்திரி தடுத்தார்.

"செங்கல் வேணாம் சார்! அடியிலே பீம் இல்லே!"

2 டன் பாரம்!

10 அடி நீளம், 10 அடி உயரத்துக்கு நாலரை அங்குலச் சுவர் வைத்தால், பூச்சோடு 2 டன்னைத் தாண்டும். பீம் இல்லாத இடத்தில் தளம் தொய்யலாம். கீழ் வீட்டு சீலிங்கில் விரிசல் விழலாம்.

மேல் தளத்தைத் தாங்கப்போகும் சுவரா இது? இல்லை. வெறும் தடுப்பு! தகரச் சட்டத்தில் ஜிப்சம் போர்டு அடித்தால் எடை கால் டன் அளவுதான்.

2 நூல் ரகசியம்

முதலில் தரையில் நூல் பிடித்துக் கோடு. தூக்குக்குண்டு விட்டு அதே கோடு சீலிங்கிலும். கோடு கோணினால் தடுப்பும் கோணல்தான்!

கோட்டின் மேல், துத்தநாக முலாம் பூசிய சேனல். தரையில் ஒன்று, சீலிங்கில் ஒன்று. நடுவே 2 அடிக்கு ஒரு சட்டம் நிற்கும்.

சட்டத்தை உயரத்தைவிட 2 நூல் குறைத்து வெட்டினார் மேஸ்திரி.

"ஏம்ப்பா, அளவு தப்பிடுச்சா?" என்று கேட்டார் பாட்டி.

"இல்லே பாட்டிம்மா. இறுக்கி அடிச்சா, மேல் தளம் கொஞ்சம் இறங்கினாலும் பாரம் இதுமேலே ஏறிடும். போர்டு வெடிச்சிடும்!"

மூடும் முன் பாருங்க!

ஒரு பக்கம் போர்டு அடித்தாயிற்று. மறுபக்கம் மூடும் முன் ஒயர் பைப், சுவிட்ச் பெட்டி எல்லாம் உள்ளே போக வேண்டும். புத்தக அலமாரி மாட்டும் இடத்தில் பிளைவுட் பலகை வேண்டும். வெறும் போர்டு கனம் தாங்காது.

சத்தத்தை அடக்க, சட்டங்களுக்கு நடுவே ராக்வுல் திணிக்க வேண்டும். செலவு மிச்சம் என்று இதை விட்டால், டி.வி. சத்தம் உள்ளே வந்துவிடும். அப்புறம் அறை எதற்கு?

ஒரு எச்சரிக்கை! இடம் போதவில்லை என்று பழைய 9 அங்குலச் சுவரை இடிக்காதீர்கள். மேல் தளமே அதன்மேல் நிற்கலாம். என்ஜினீயரைக் கேட்டபிறகே சுத்தியலைத் தொடுங்கள்!

வேலை முடிந்தது. மகள் கதவைச் சாத்தினாள். பாட்டி தடுப்பைத் தட்டிப் பார்த்தார்.

"யாரு?" என்றது உள்ளிருந்து குரல்.