படகில் ஏறுமுன் கரையில் செய்ய வேண்டியவை

விடுமுறையும் பெருநாளும் வந்துவிட்டால் நமது கரையோர ஊர்களில் மீன்பிடிப் படகுகள் பல பயணிகள் படகுகளாகிவிடுகின்றன. நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்கும், பொத்துவில் களப்பைச் சுற்றிப் பார்க்கவும் குடும்பம் குடும்பமாக ஏறுகிறோம். நேற்று வலை கிடந்த இடத்தில் இன்று உம்மாவும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் படகு அதே படகு, எஞ்சினும் அதே எஞ்சின்.

2021 நவம்பர் 23 அன்று கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதப்புப் பாதை கவிழ்ந்து பாடசாலை மாணவர்கள் உட்படப் பலர் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. அது நடுக்கடலில் நடந்ததல்ல, கரையைக் கண்ணால் காணும் தூரத்தில் நடந்தது. நான் ஓர் ஆசிரியர். எங்கள் குடும்பத்தில் ஒரு பைபர் படகு உண்டு. மச்சான் அதை ஓட்டுகிறார், விடுமுறை நாட்களில் அதன் பராமரிப்பு வேலைகளில் நானும் கூட நிற்பேன். அந்த அனுபவத்தில் படகு வைத்திருப்போருக்கும், அதை வாடகைக்குப் பிடிப்போருக்கும் சில விடயங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

எஞ்சின்

எஞ்சினைக் கெடுப்பது ஓட்டமல்ல, உப்பு. கடலிலிருந்து வந்ததும் 10 முதல் 15 நிமிடங்கள் நல்ல தண்ணீரில் ஓடவிட வேண்டும். இல்லையேல் குளிரூட்டும் தண்ணீர் போகும் துவாரங்களில் உப்பு படிந்து அடைத்துக்கொள்ளும். எஞ்சினை இயக்கியதும் பின்னால் மெல்லிய தாரையாகத் தண்ணீர் பீச்சுகிறதா என்று பாருங்கள். தாரை வராவிட்டால் உடனே நிறுத்துங்கள். குப்பை அடைத்திருக்கலாம், அல்லது உள்ளே தண்ணீரை இழுக்கும் இறப்பர் சக்கரம் தேய்ந்திருக்கலாம்.

கியர் ஒயிலைத் திறந்து பார்க்கையில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போய்விட்டது, சீலை மாற்ற வேண்டும். எஞ்சினில் பூட்டியிருக்கும் நாகத் துண்டு, உப்புநீர் மற்ற உலோகங்களை அரிக்காமல் தான் அரிபடுவதற்கென்றே வைக்கப்பட்டது. பாதி கரைந்ததும் புதிது போட வேண்டும். அதன் மேல் பெயின்ற் பூசினால் அது வேலை செய்யாது.

மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினை நிறுத்துவதற்குச் சில நிமிடங்களுக்கு முன் பெற்றோலுக்கு மாற்றுங்கள். மறுநாள் இலகுவாக இயங்கும். பிளக் இரண்டு, பிளக் சாவி, புரொப்பெலர் பின் ஆகியவை ஒரு மூடிய டப்பாவில் எப்போதும் படகிலேயே இருக்க வேண்டும்.

எரிபொருள்

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு உயர்ந்தது. அதன் பின் எரிபொருளை அளந்து எடுத்துச் செல்லும் பழக்கம் எங்கள் பகுதியில் கூடிவிட்டது. கணக்குப் பார்ப்பதில் பிழையில்லை, ஆனால் கணக்கு இப்படி இருக்கட்டும்: போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, தொடாமல் வைக்க ஒரு பங்கு. வரும்போது காற்று எதிராக அடித்தால் போனதைவிடக் கூடுதலாகவே செலவாகும்.

படகின் உடல்

பைபரில் மேற்பூச்சு வெடித்தால் அழகு கெட்டது என்று மட்டும் எண்ணக்கூடாது. வெடிப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே ஊறி, அடுக்குகள் பிரியத் தொடங்கும். ஈரத்தின் மேல் பைபர் ஒட்டாது. ஆகவே நன்றாகக் காயவிட்டு, உறுதியான பகுதி தெரியும்வரை உரைத்து, அதன் பின் ஒட்ட வேண்டும்.

இருக்கைகளின் கீழ், இறுக மூடிய வெறும் பிளாஸ்டிக் கான்களை அசையாமல் கட்டி வையுங்கள். 20 லீற்றர் கான் ஒன்று தண்ணீருக்குள் ஏறத்தாழ 20 கிலோ பாரத்தைத் தாங்கும். பத்துக் கான்கள் இருந்தால் 200 கிலோ. படகில் தண்ணீர் நிரம்பினாலும் பிடித்துக்கொள்ள ஏதாவது மிதந்து நிற்கும். படகு கவிழ்ந்தால் கரை நோக்கி நீந்தப் புறப்படாமல் படகையே பற்றிக்கொண்டிருப்பது நல்லது. தேடி வருபவர் கண்ணுக்குத் தனித் தலையைவிடப் படகுதான் முதலில் தெரியும்.

கூடவே இருக்க வேண்டியவை

கிழக்குக் கரையில் கச்சான் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். அதனால் கரையோரம் கடல் குளம்போல் அமைதியாகத் தெரியும். எஞ்சின் நின்றுபோனால் அதே காற்று படகை வெளிக்கடலுக்குத் தள்ளிவிடும். அந்த நேரம் கைகொடுப்பது நங்கூரம்தான். அதன் கயிறு ஆழத்தைப்போல் ஐந்து மடங்காவது இருக்க வேண்டும்: 10 மீற்றர் ஆழத்துக்கு 50 மீற்றர். கயிறு குறைந்தால் நங்கூரம் அடியைக் கவ்வாமல் இழுபடும். துடுப்பு இரண்டு, தண்ணீர் இறைக்க வெட்டிய கான், டோர்ச், விசில், குடிதண்ணீர், நீர்புகாத உறையில் கைத்தொலைபேசி ஆகியவையும் வேண்டும். எஞ்சினை நிறுத்தும் சிவப்புக் கயிறு ஓட்டுபவரின் கையில் இருக்க வேண்டும். அதை எஞ்சினிலேயே நிரந்தரமாக முடிந்து வைத்தால், அவர் கடலில் விழுந்த பின்னும் படகு ஓடிக்கொண்டே இருக்கும்.

உயிர்காப்பு அங்கி படகின் மூலையில் கிடந்து பயனில்லை, கரையிலேயே அணிய வேண்டும். பெண்கள் ஹபாயாவுக்கும் சோலுக்கும் மேலாக அணிந்து எல்லாப் பூட்டுகளையும் போட வேண்டும். நீண்ட உடை நனைந்தால் காலைச் சுற்றும் என்பதால் நீந்தத் தெரிந்தவருக்கும் அது தேவை. பெரியவர் அங்கி பிள்ளைக்கு உதவாது. தோள்ப்பட்டியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அங்கி காது வரை ஏறினால் அது அந்தப் பிள்ளைக்குப் பெரிது.

புறப்படுமுன் வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் பற்றிய அறிவிப்பைப் பாருங்கள். எத்தனை பேர் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதைக் கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

"அல்லாஹ் இருக்கிறான்" என்று நாம் சொல்வது உண்மைதான். ஒட்டகத்தைக் கட்டிய பிறகுதான் தவக்குல் என்பதை நமது மத்ரஸாப் பிள்ளைகளும் அறிவார்கள். ஆனால் ஒரு படகுக்காரர் தனியாகப் பன்னிரண்டு அங்கிகள் வாங்குவது கஷ்டம். மீனவர் சங்கமும் பள்ளிவாசல் நிர்வாகமும் சேர்ந்து, பிள்ளைகளின் அளவுகளும் உட்பட ஒரு தொகுதியை வாங்கிவைத்து, பயணம் போவோருக்குக் கொடுத்து வாங்கலாம். ஸதகா கொடுக்க விரும்பும் வசதியுள்ளவர்கள் இதற்கும் கொடுக்கலாம். அடுத்த பெருநாளுக்கு முன் ஒரு ஜும்ஆவுக்குப் பின்னர் இதைப் பேசத் தொடங்குங்கள்.