மைனஸ் இரண்டு

கட்டற்ற கணினி – 17

போன வாரக் கட்டுரையை அனுப்பிய கையோடு அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். அக்காவைக் கட்டிக்கொடுத்தது கேரளத்தில், வித்துராவில். நெடுமங்காட்டிலிருந்து பொன்முடி பஸ்ஸில் ஏறினால், 22 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குமுன்னே இறங்கிவிடலாம். நான் சட்டையை மாற்றுவதற்குள் லேப்டாப்போடு வந்து நின்றாள், ஒன்பதாவது படிக்கிற மருமகள்.

“மாமா, வைஃபை பிடிக்க மாட்டேங்குது. கடையில காட்டினோம். கார்டு போச்சு, மாத்தணும்னு சொல்லிட்டாங்க.”

செகண்ட் ஹேண்ட் லேப்டாப். யாரோ கொடுத்த பென்டிரைவிலிருந்து டெபியன் 11 லினக்ஸ் போட்டிருக்கிறாள், தானே. கேரளத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் புதிதில்லை. 2001 ஜூலையில், மென்பொருள் சுதந்திரத்துக்காக இயக்கம் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தது திருவனந்தபுரத்தில்தான். பள்ளிகளுக்கான ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டமும் சில வருடங்களிலேயே லினக்ஸுக்கு மாறி, 2017இல் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமானது. இவள் அதன் மாணவர் மன்றமான ‘லிட்டில் கைட்ஸ்’ உறுப்பினர் வேறு. பள்ளியில் எல்லாம் தயாராக வந்துவிடுகிறது. வீட்டில் தானே போட்டதில் மாட்டிக்கொண்டாள்.

கார்டு போச்சு என்பதை நான் லேசில் நம்புவதில்லை. முனையத்தைத் திறந்து ‘ஆர்எஃப்கில் லிஸ்ட்’ அடித்தேன். வைஃபைக்கு இரண்டு பூட்டு உண்டு: மென்பொருள் போடுவது ஒன்று, லேப்டாப்பின் பொத்தான் போடுவது இன்னொன்று. இரண்டுமே திறந்திருந்தன. அடுத்து ‘எல்எஸ்பிசிஐ -கே’. கார்டு தன் பெயரைச் சொன்னது; அதை இயக்கும் டிரைவரின் பெயரும் கீழேயே இருந்தது. அடியோடு செத்த கார்டு பெயர் சொல்லாது. மூன்றாவதாக ‘டிமெசேஜ்’, அதாவது கணினி கண் விழித்ததிலிருந்து, இயங்குதளத்தின் மையமான கெர்னல் எழுதிவரும் நாட்குறிப்பு. நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவில் ஒரு வரி: ஃபர்ம்வேர் ஏற்றமுடியவில்லை, பிழை எண் மைனஸ் 2. லினக்ஸ் பாஷையில் ‘அப்படியொரு கோப்பே இங்கே இல்லை’ என்று அர்த்தம்.

வைஃபை கார்டுக்குள் ஒரு குட்டிக் கணினி இருக்கிறது. அதற்கும் ஒரு நிரல் வேண்டும். அதை நிரந்தரமாக வைத்துக்கொள்ளத் தனியாக ஒரு நினைவகச் சில்லு வைத்தால் விலை ஏறும் என்று பல கம்பெனிகள் வைப்பதில்லை. கரண்டு போனால் கார்டுக்கு எல்லாம் மறந்துவிடும். ஒவ்வொரு முறையும் இயங்குதளம்தான் அந்த நிரலை எடுத்து ஊட்டவேண்டும். அதுதான் ஃபர்ம்வேர். அதன் மூலநிரலைக் கம்பெனிகள் பெரும்பாலும் தருவதில்லை.

டெபியன் கொள்கைக்காரர்கள். 2011இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து, மூலநிரல் தராத ஃபர்ம்வேரையெல்லாம் கெர்னலிலிருந்து பிரித்துத் தனிக் கிடங்கில் வைத்தார்கள். கோப்பை இறக்க இணையம் வேண்டும். இணையம் வர அந்தக் கோப்பு வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதை. 2022 அக்டோபரில் வாக்கெடுப்பு நடத்தி மனம் மாறினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12இன் நிறுவியிலேயே ஃபர்ம்வேர் இருக்கிறது. கொள்கை தளர்ந்தது என்று வருந்தும் நண்பர்கள் எனக்குண்டு. இன்னும் முன்னாலேயே செய்திருக்கலாம் என்பது என் கட்சி.

அதற்கும் முந்தைய காலம் இன்னும் மோசம். பிராட்காம் சில்லுகளுக்குத் தன்னார்வலர்களே உள்ளே நடப்பதைத் துப்பறிந்து டிரைவர் எழுதினார்கள். கம்பெனியின் டிரைவர் கோப்பிலிருந்து ஃபர்ம்வேரை மட்டும் அறுத்தெடுக்க ஒரு கருவி, பெயரே ‘கட்டர்’. 2010இல்தான் அந்தக் கம்பெனி தானாக ஒரு திறந்த டிரைவரைக் கொடுத்தது.

எங்களுக்குக் கட்டர் தேவைப்படவில்லை. போனை யுஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, ‘டெதரிங்’கை இயக்கினால் போதும்; லினக்ஸ் அதை ஒயர் போட்ட இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடு, கிணற்றடியில் மூன்று. அங்கேயே உட்கார்ந்தோம். மென்பொருள் கிடங்குகளின் பட்டியலில் ‘மெயின்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ‘நான்-ஃப்ரீ’ என்று சேர்க்கச் சொன்னேன்.

“ஃப்ரீ இல்லன்னா காசு கேக்குமா மாமா?”

“காசு இல்ல மக்களே, சுதந்திரம்தான் இல்ல.”

பட்டியலைப் புதுப்பித்து, அந்தக் கார்டுக்கான ஃபர்ம்வேர் தொகுப்பை நிறுவி, மறுபடி இயக்கினாள். கேபிளைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள். நான் வாளியை ஓரமாக வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தபோது பக்கத்து வீடுகளின் வைஃபை பெயர்களோடு அவர்கள் வீட்டுப் பெயரும் வரிசையில் நின்றது.

“கார்டு மாத்த அம்மா எடுத்துவெச்ச காசு அப்படியே இருக்கு மாமா. பிரிண்டர் வாங்கட்டா?”

லினக்ஸில் பிரிண்டர்! அந்தக் கதை அடுத்த வாரம்.