பல் குழியடைப்பும் அதன் பிடிப்பும்

சொத்தைப் பல்லின் குழியை அடைக்கும் சிகிச்சையின் ஆயுள், அடைக்கும் பொருளின் உறுதியை மட்டும் பொறுத்ததன்று. பொருளுக்கும் பல்லுக்கும் இடையே மயிரிழை இடைவெளி இருப்பினும் உமிழ்நீரும் கிருமிகளும் உட்புகும். அடைப்பின் ஓரத்திலேயே மீண்டும் சொத்தை தோன்றும்.

நெடுங்காலமாக வழக்கிலுள்ள அமால்கத்தில் ஏறத்தாழப் பாதி பாதரசமாகும். இது பல்லுடன் ஒட்டுவதில்லை. மேற்புறம் குறுகி அடிப்புறம் அகன்ற குழியினால் பிடித்து நிறுத்தப்படுகிறது. நாளடைவில் உலோக அரிப்பால் விளையும் பொருள்களே விளிம்பு இடைவெளியை அடைக்கின்றன.

ரெசின் கலவையின் முறை வேறு. பாஸ்பாரிக் அமிலம் எனாமலில் உண்டாக்கும் நுண்துளைகளுள் ரெசின் புகுந்து இறுகுகிறது. 1955இல் புவோனகோர் வெளியிட்ட ஆய்வே இம்முறைக்கு அடிப்படை. ஆயினும் இறுகும்போது ரெசின் சற்றுச் சுருங்கும், ஈரம் பட்டால் பிடிப்புக் கெடும், ஒளிவிளக்கும் தேவை.

1970களின் தொடக்கத்தில் வில்சன், கென்ட் ஆகியோர் அறிமுகப்படுத்திய கிளாஸ் அயனோமர், பல்லின் கால்சியத்துடன் வேதியியல் முறையில் பிணைகிறது, புளோரைடையும் வெளியிடுகிறது. மின்சாரமின்றி, கைக்கருவிகளால் சொத்தையை அகற்றி இதனை நிரப்பலாம். மெல்லும் அழுத்தத்தில் தேய்வது இதன் குறை.

பாதரசம் குறித்த மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018இல் ஏற்றது. பல் மருத்துவர் அவசியமெனக் கருதினாலன்றி, 15 வயதிற்குட்பட்டோர், கருவுற்றோர், பாலூட்டும் தாய்மார் ஆகியோருக்கு அமால்கத்தைத் தவிர்க்க உறுப்பு நாடுகள் 2022இல் முடிவு செய்தன. எனவே மாற்றுப் பொருளைத் தேர்வோர் விலைப்பட்டியலை மட்டும் நோக்குதல் போதாது. பல்லை உலர்த்தவும் ஒளியூட்டவும் வசதியற்ற கிராமப்புறச் சிகிச்சை முகாமிற்கு ரெசினை அனுப்புவது, கசியும் அடைப்பிற்கும் இரண்டாம் முறைச் செலவிற்குமே வழிவகுக்கும்.